நாம் பார்க்காத துருவ நட்சத்திரம்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இலக்கியச் சந்திப்பில் என் சிறுகதை ஒன்றைப் பேசுவதற்கு எடுத்துக்கொண்டார்கள். தோட்டத்தைவிட்டுப் பட்டணத்துக்குக் கிளம்பும் மகனுக்கு, லயத்து வாசலில் நின்று அப்பா துருவ நட்சத்திரத்தைக் காட்டுவதோடு அந்தக் கதை முடியும். பேசியவர்கள் எல்லாரும் அந்த முடிவைப் பாராட்டினார்கள். 'நல்ல படிமம்' என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கடைசி வரிசையில் ஒரு பெரியவர் இருந்தார். கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவர். அவர் எழுந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தம்பி, அந்த நட்சத்திரத்த நீங்க பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன் ஐயா" என்றேன். பொய்.

அந்தப் பொய்தான் பின்னாளில் என்னை ஒரு தொலைநோக்கி வாங்க வைத்தது என்று நினைக்கிறேன். 6 அங்குலக் கண்ணாடி கொண்ட டாப்சோனியன் வகை. பழையது. பார்ப்பதற்கு வீட்டுத் தண்ணீர்க் குழாயை மரப்பெட்டியில் சாய்த்து வைத்ததுபோல இருக்கும். என் தாமான் வீட்டின் பின்வாசல் வடக்கே பார்த்தது. முதல் வேலையாகத் துருவ நட்சத்திரத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைக்காது என்பதை அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஓர் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து எத்தனை டிகிரி வடக்கே இருக்கிறதோ, அந்த ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து ஏறக்குறைய அத்தனை டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கிள்ளானில் 3 டிகிரி. கையை நீட்டி இரண்டு விரலைப் படுக்க வைத்தால் மறைந்துவிடும் உயரம். சிங்கப்பூரில் அதில் பாதிகூட இல்லை. எனக்கும் அதற்கும் நடுவில் பின்சந்து, எதிர்வரிசை வீட்டுக் கூரை, அதற்குப் பின்னால் புகைமூட்டம். என் கதையில் வந்த அப்பாவுக்கு நடுவில் ஒரு ரப்பர் காடே இருந்தது. அவர் மகனுக்கு எதைக் காட்டினார்?

அதற்குப் பிறகு நம் நாட்டுக் கதைகளை வானத்துக்காக மட்டும் திரும்பப் படித்துப் பார்த்தேன். இது கொஞ்சம் கிறுக்குத்தனமான வாசிப்புதான். ஆனால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. நம் கதைகளில் ரப்பர் மரத்துக்கு வாசம் உண்டு. பசார் மாலாமுக்குச் சத்தம் உண்டு. வானம் மட்டும் இரவல். நடுநிசியில் காதலர்களின் தலைக்கு மேல் பிறை நிற்கிறது. மெல்லிய வளர்பிறை பொழுது சாய்ந்த சில மணி நேரத்தில் மறைந்துவிடும். தேய்பிறைக் கீற்று விடியலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் எழும். நடுநிசியில் இரண்டுக்கும் வேலை இல்லை. பௌர்ணமி இரவில் கோடி நட்சத்திரங்கள் மின்னுகின்றன. நிலவொளியில் பாதி நட்சத்திரம் காணாமல் போவதை எழுதியவர் பார்க்கவில்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வாழும் நமக்குப் பிறை பெரும்பாலும் மல்லாந்த படகுபோலத் தெரியும். கதைகளில் அது அரிவாள்போல நிமிர்ந்து நிற்கிறது.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது சிரித்தார். "இலக்கியம் என்ன சயன்ஸ் பாடமா லா? படிமம்னா அப்படித்தான் இருக்கும்."

அவர் சொல்வதில் நியாயம் உண்டு. சரி தவறு பார்த்துக் கதைக்கு மதிப்பெண் போடும் வாத்தியார் வேலை எனக்கும் பிடிக்காது. என் புகார் தவறைப் பற்றியது அல்ல. பார்க்காமல் இருந்ததைப் பற்றியது. இரண்டும் வேறு வேறு.

1610இல் கலிலியோ தன் சிறிய தொலைநோக்கியில் சனியைப் பார்த்தார். அவர் கண்டது ஒரு பெரிய உருண்டையும் இரண்டு பக்கமும் ஒட்டிய இரண்டு சின்ன உருண்டைகளும். சனி மூன்று உடல்கள் கொண்டது என்றே எழுதினார். 1612இல் பக்கத்து உருண்டைகள் இரண்டும் காணாமல் போய்விட்டன. குழம்பினார். அந்தக் குழப்பத்தையும் எழுதினார். அது ஒரு வளையம் என்று 1659இல் புத்தகமாக எழுதியவர் ஹைகென்ஸ். வளையம் தன் விளிம்பை மட்டும் நமக்குக் காட்டும் காலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. 2025இல் மறுபடியும் அப்படித் திரும்பியது. அந்த வருடக் கடைசியில், மழைக்கு நடுவே கிடைத்த ஓர் இரவில், என் தொலைநோக்கியில் சனி ஊசி கோத்த மணிபோல இருந்தது. கலிலியோ எழுதியது தவறுதான். ஆனால் அது பார்த்தவனின் தவறு. என் துருவ நட்சத்திரம் பார்க்காதவனின் அலங்காரம்.

நம் மரபுக்கு இது புதிது இல்லை. பாரியின் நாட்டைக் கபிலர் பாடிய புறநானூற்று 117ஆம் பாட்டில் சனி வருகிறது, வால்மீன் வருகிறது, தெற்கே செல்லும் வெள்ளி வருகிறது. எல்லாம் மழை பொய்க்கும் என்பதற்கான தீய குறிகள். அந்த நம்பிக்கையை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் வெள்ளி எந்தப் பக்கம் நிற்கிறது என்று கவனித்த சமூகத்திலிருந்துதான் அப்படி ஒரு பாட்டு வர முடியும்.

இன்று நாம் எப்படிப் பார்க்கிறோம்? நம் கல்யாணங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டப்பகலில், மண்டபத்துக் கூரைக்குக் கீழே, ஐயர் கை நீட்டுகிறார். மணமக்கள் அருந்ததியைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன். உண்மையான அருந்ததியை மே மாதக் கடைசியில் இரவு பத்து மணி வாக்கில் என் பின்வாசலிலிருந்து பார்க்க முடியும். வடக்கே, பாதி உயரத்துக்கும் சற்றுக் கீழே சப்தரிஷி மண்டலம். அதன் வால் நடுவில் வசிட்டர். கிள்ளான் வெளிச்சத்தில் பக்கத்திலிருக்கும் அருந்ததி என் வெறுங்கண்ணுக்குத் தெரியவில்லை. தொலைநோக்கியில் தெரிந்தாள். கூடவே இன்னொன்றும் தெரிந்தது: வசிட்டர் ஒருவர் அல்ல, ஒட்டி நிற்கும் இருவர். அந்த இருவரும் ஆளுக்கொரு இரட்டை என்றும், அருந்ததிக்கும் மங்கலான ஒரு துணை உண்டு என்றும் பின்னாளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆக மொத்தம் ஆறு. கற்புக்கும் தாம்பத்தியத்துக்கும் நாம் நேர்ந்துவிட்ட சோடிக்குள் இத்தனை கூட்டம். நாம் தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போன இடத்தில் ஒரு நல்ல கதை இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது.

பட்டணத்தில் வானமே இல்லையே, எதைப் பார்ப்பது என்று இளைய நண்பர்கள் கேட்கலாம். உண்மைதான். 2016இல் வெளிவந்த உலக இரவுவான ஆய்வு, செயற்கை ஒளியால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட நாடு சிங்கப்பூர் என்றது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழகவே முடியாத வெளிச்சம் அங்கே. அப்படியானால் அதை எழுதுங்கள் என்பேன். செம்மஞ்சள் நிற மேகத்தை, அடுக்குமாடிக்கு நடுவில் தப்பிப் பிழைத்த நான்கு நட்சத்திரங்களை, பார்க்கப் போய்க் கொசுக்கடி வாங்கித் திரும்பிய இரவை எழுதுங்கள். இல்லாததைப் பார்ப்பதும் பார்ப்பதுதான். சினிமாப் பாட்டிலிருந்து கோடி நட்சத்திரங்களைக் கடன் வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

அன்று கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது அந்தப் பெரியவர் என் பக்கத்தில் வந்து நின்றார். என் பொய் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதைப் பற்றிப் பேசவில்லை.

"பெரட்டுக்குப் போறப்ப எங்களுக்கு விடிவெள்ளிதான் தம்பி. அதுவும் எல்லா மாசமும் இருக்காது. திடீர்னு காணாமப் போயிரும். அப்புறம் பாத்தா சாயங்காலம் மேக்கால வந்து நிக்கும். அதே ஆளுதான்."

மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு நகர்ந்தேன். காலையிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து மறுபடி காலைக்கும் வெள்ளி மாறிவரும் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 584 நாள் ஆகும் என்பதை நான் புத்தகத்தில் படித்தேன். அவர் மண்ணெண்ணெய் விளக்கோடு நடந்து தெரிந்துகொண்டார். அவர்கள் வேறு என்னென்ன பார்த்தார்கள், எதற்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. தோட்டத்தைப் பற்றி இத்தனை கதைகள் எழுதிய நாங்கள் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது.

இப்போது அந்தக் கதை தொகுப்பில் வரவிருக்கிறது. துருவ நட்சத்திரத்தை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் விடிவெள்ளியை வைக்கலாம். ஆனால் அது அவர் பார்த்தது, நான் பார்த்தது இல்லை. இரண்டு வாரமாக ஐந்தரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து கிழக்கே பார்க்கிறேன். இன்றும் மேகம்தான்.