கல்லங்குறிச்சிச் சிப்பி

அரியலூருக்குப் பக்கத்தில் உள்ள கல்லங்குறிச்சியை எல்லோரும் கலியுக வரதராஜப் பெருமாளுக்காக அறிவார்கள். எனக்கு அந்த ஊர், சிப்பியின் ஊரும்கூட. அங்குள்ள சுண்ணாம்புக்கல் படுகையில் உள்ளங்கையை நிறைக்கும் கனத்த சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. 1871-லேயே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஸ்டோலிச்கா, இந்தப் பகுதியின் சிப்பி இனங்களைத் தனி நூலாக விவரித்துவிட்டார்.

இந்தச் சிப்பியின் மூக்குப் பகுதியில் ஒரு சிறு தழும்பு தெரியும். அதுதான் எனக்குப் பிடித்த இடம். சிப்பிக்குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரோட்டத்தோடு சில வாரம் அலையும். பிறகு தரையிறங்கி, குட்டிக் காலால் ஊர்ந்து இடம் தேடும். சேற்றில் புதைந்தால் மூச்சுமுட்டும். அதனால் ஓட்டுத்துண்டு போன்ற கெட்டியான ஒன்றில் தன்னை ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய தடம்தான் அந்தத் தழும்பு. ஒட்டியபின் அந்தக் குட்டிக் கால் மறைந்துவிடும். முடிவை மாற்றவே முடியாது. வளர்ந்த ஓட்டின்மேல் அடுத்த தலைமுறை வந்து ஒட்டும். குழாய்ப்புழுவும் பாசிவிலங்கும் குடியேறும். சேற்றுத்தரை இப்படித்தான் ஊராகிறது.

இன்று நாம் வீடு கட்டும் சிமெண்டிலும் அந்தச் சிப்பிகளின் சுண்ணாம்பு இருக்கிறது. கல்லங்குறிச்சிக்குப் போனால் ஒரு சிப்பியைக் கையிலெடுத்து அந்தத் தழும்பைத் தடவிப் பாருங்கள். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.