நிர்வாணத்தைப் பார்க்க யாருக்கு அனுமதி?

பிறெடெறிக் வைஸ்மனின் 'ரிற்றிகற் ஃபொலீஸ்' (1967) பற்றி நம்மவர் மத்தியில் பேச்சு எழுந்தால், 'தடைசெய்யப்பட்ட படம்' என்ற ஒற்றை வரியோடு அது முடிந்துவிடுகிறது. தடைசெய்தது அரசு, எடுத்தவர் கலைஞர், ஆகவே நாம் கலைஞரின் பக்கம். விடயம் அவ்வளவு இலகுவானதல்ல.

அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில், பிறிட்ஜ்வோட்டர் என்னுமிடத்தில், குற்றஞ்சாட்டப்பட்ட மனநோயாளரை அடைத்துவைத்திருந்த அரச வைத்தியசாலையில் 1966இல் எடுக்கப்பட்ட படம் இது. பின்னணிக் குரல் இல்லை, விளக்கமும் இல்லை. முன்னாள் கணித ஆசிரியர் ஒருவரை நிர்வாணமாக நடத்திச் செல்கிறார்கள். உன் அறை ஏன் அழுக்காகக் கிடந்தது என்று காவலர்கள் திரும்பத் திரும்பக் கேட்டுச் சீண்டுகிறார்கள். சவரத்தின்போது வாயோரம் இரத்தம் கசிகிறது. வெற்று அறையில் பூட்டியதும் தரையை மிதித்து மிதித்து நடக்கிறார். கையால் குறியை மறைத்துக்கொள்கிறார். பைத்தியம் என்று முத்திரை குத்தப்பட்டவரிடம் வெட்கம் மிச்சமிருக்கிறது. கமெரா விலகவில்லை. (படிப்பித்துப் பிழைத்தவன் என்பதால் இக்காட்சி எனக்குக் கூடுதலாகவே சுடுகிறது.)

நோயாளரின் அந்தரங்கம் மீறப்பட்டதென மாநில அரசு நீதிமன்றம் போனது. வழக்குத் தொடுத்த சட்டமா அதிபர் எலியற் றிச்சட்சன், முன்னர் துணை ஆளுநராக இருந்தபோது படப்பிடிப்புக்கு அனுமதி கிடைக்க உதவியவர்! 1969இல் மாநில உச்ச நீதிமன்றம் பொதுத் திரையிடலைத் தடுத்தது. ஆனால் நீதிபதிகள், வழக்கறிஞர்கள், வைத்தியர்கள், சமூக சேவையாளர்கள், அத்துறை மாணவர்கள் பார்க்கலாம் என்றது.

இந்தப் பட்டியல்தான் என்னை உறுத்துகிறது. உடல் நோயாளிக்கே உரியதென்றால் எவருக்கும் காட்டலாகாது. வகுப்பறையில் இருப்பவன் பார்க்கலாம், மெசினடியில் நிற்பவன் பார்க்கலாகாது என்றால், அங்கே காப்பாற்றப்பட்டது நோயாளியின் உடலல்ல, நிறுவனத்தின் மானம்.

இதனால் வைஸ்மன் தப்பிவிட முடியாது. நிறுவனத்தின் அனுமதி அவரிடம் இருந்தது. பூட்டப்பட்டவர் 'வேண்டாம்' என்று எழுந்துபோக ஒரு கதவு இருந்ததா? உண்ண மறுப்பவரின் மூக்கினுள் குழாய் செருகி ஊட்டுகிறார் வைத்தியர். அவர் வாயிலுள்ள சிகரெட்டின் சாம்பல் புனலுக்கு மேலே தொங்குகிறது. இது சாட்சியம். இடையிடையே அதே மனிதரின் பிணத்துக்குச் சவரம் செய்வதை வெட்டி ஒட்டுகிறாரே, அது எமக்குப் பாடம் நடத்துவது. செத்தவரை உதாரணமாக்க யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

அகதி விண்ணப்பத்துக்காகத் தழும்புகளை வைத்தியருக்குக் காட்டிப் படமெடுக்கக் கொடுத்தவர்கள் நம்மில் பலர். அப்படங்கள் இன்று யாருடைய கோப்பில் கிடக்கின்றனவோ. என்றாலும் சட்டையைக் கழற்றியது நாம். எதற்கு என்பதும் தெரிந்தேயிருந்தது. பிறிட்ஜ்வோட்டர் ஆசிரியருக்கு அந்த அளவுகூட வாய்க்கவில்லை.

பின்னாளில் முகங்களை மங்கலாக்கிக் காட்டலாம் என்ற யோசனையை வைஸ்மன் ஏற்கவில்லை. இதில் நான் அவரோடு நிற்கிறேன். காவலர்கள் அவமதித்தது முகமுள்ள மனிதரை. முகத்தை அழித்தால் மிஞ்சுவது வெறும் 'நோயாளி', அதாவது நிறுவனம் அவருக்கு வைத்த பெயர். 1991இல் தடை முற்றாக நீங்கியது. 1966இன் பின் அங்கு மாற்றங்களும் முன்னேற்றங்களும் ஏற்பட்டுள்ளன எனப் படத்தில் குறிப்பிடவேண்டும் என்பது நீதிமன்றக் கட்டளை. வைஸ்மன் முதலில் அந்தக் கட்டளையையே திரையில் எழுதிக் காட்டுகிறார். பிறகு அவ்வாசகத்தை, ஒரு சொல்லும் கூட்டாமல், அப்படியே போடுகிறார்.