ஒளிவிலகலும் உரிமை கொண்டாடலும்

பத்தமடைப் பாய் முடையும் முஸ்லிம் குடும்பங்கள் கோரையைப் பிளந்து ஓடும் நீரில் ஊறவைப்பது நெல்லைச் சீமையின் பழைய வழக்கம். நேரான கோரைத் தாளொன்றைத் தெளிந்த நீரில் சாய்வாகப் பாதியளவு அமிழ்த்தினால், நீர்மட்டத்தில் அது ஒடிந்தாற்போல் தோன்றும். ஒடிந்தது கோரையன்று, நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளியே திசை மாறுகிறது. நீரில் ஒளியின் வேகம், காற்றில் அதற்குள்ள வேகத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கே. எனவே நேர்மேலிருந்து நோக்குவோருக்குத் தாமிரபரணியின் நான்கடி ஆழம் மூன்றடியாகவே தென்படுகிறது.

இந்த ஒளிவிலகலின் வரலாறு நம் சமுதாயத்தில் எவ்வாறு எடுத்துரைக்கப்படுகிறது என்பதே இங்கு நாம் ஆராய விழைவது. மீலாது மலர்களிலும் விழா மேடைகளிலும் ஒரு கூற்று தொடர்ந்து ஒலித்து வருகிறது: ஒளிவிலகல் விதியை இப்னுல் ஹைதமே கண்டறிந்தார், ஐரோப்பியர் அதனைக் கவர்ந்துகொண்டனர் என்பது அக்கூற்று. மறுபுறம், பள்ளிப் பாடம் அதனை ‘ஸ்நெல் விதி’ என்ற பெயரோடு நிறுத்திக்கொள்கிறது. இவ்விரண்டில் பின்னது குறையுடையது, முன்னது பிழையுடையது. குறையைச் சுட்டிக்காட்டும் உரிமை பிழையைத் திருத்திக்கொண்டவர்க்கே உண்டு என்று நாம் கருதுகிறோம்.

வரலாறு கூறுவது யாது? கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே தாலமி, காற்றிலிருந்து நீருக்குள் புகும் ஒளியின் கோணங்களை அளந்து அட்டவணை வகுத்தார். கி.பி. 984 அளவில் பக்தாத் அரசவையைச் சார்ந்த இப்னு ஸஹ்ல், எரிகருவிகள் பற்றிய தம் நூலில், ஒளிக்கதிரின் திசை மாற்றத்தை இரு செங்கோண முக்கோணங்களால் வரைந்து, அவற்றின் கர்ணங்களுக்கிடையேயான விகிதம் பளிங்குக்கு மாறாதது எனக் கொண்டார். இன்றைய விதியின் வடிவகணித உருவம் இதுவே. ஆயினும், அந்த விகிதம் ஏன் மாறாதது என்பதை அவர் விளக்கவில்லை. கதிரொளியை ஒரு புள்ளியில் குவிக்கும் வில்லையை வடிப்பதே அவர்தம் நாட்டமாக இருந்தது. டமாஸ்கஸிலும் தெஹ்ரானிலும் சிதறிக் கிடந்த ஏடுகளை இணைத்து அறிஞர் ருஷ்தி ராஷித் 1990இல் இதனை வெளிக்கொணர்ந்தார். ஸ்நெல் அந்நூலைக் கண்டார் என்பதற்குச் சான்று ஏதுமில்லை. அவர் 1621 அளவில் தாமே விதியை அடைந்தார். அச்சில் முதலில் வெளியிட்டவர் டேக்கார்ட் (1637).

அவ்வாறாயின் இப்னுல் ஹைதமின் இடம் யாது? ‘கிதாபுல் மனாளிர்’ எனும் அவரது பெருநூலின் ஏழாம் பாகம் ஒளிவிலகலுக்கே உரியது. கருவி அமைத்துக் கோணங்களை அளந்ததும், ஒளியின் இயக்கத்தைத் தளத்துக்குச் செங்குத்தானது, இணையானது என இரு கூறுகளாகப் பகுத்து ஆராய்ந்ததும் அவர்தம் சாதனைகள். இப்னு ஸஹ்லின் எழுத்தை அறிந்திருந்தும் அந்த மாறா விகிதத்தை அவர் கையிலெடுக்கவில்லை. லத்தீனில் பெயர்க்கப்பட்டு 1572இல் பாசெல் நகரில் அச்சேறிய அவரது நூல் ஐரோப்பிய ஒளியியலுக்கு அடித்தளமாயிற்று. இப்பெருமை போதாதென்று, அவர் கூறாத விதியையும் அவர்மீது ஏற்றுவானேன்? அவ்வாறு ஏற்றும்போது இப்னு ஸஹ்லுக்கு உரியதை நாமே பறிக்கிறோம் என்பதையும் மறக்கலாகாது.

இத்தகைய மயக்கத்துக்கு முன்னுதாரணமும் உண்டு. அந்திச் செவ்வொளி பற்றிய ஒரு நூல் நெடுங்காலம் இப்னுல் ஹைதமின் பெயரால் ஐரோப்பாவில் வழங்கியது. அதன் ஆசிரியர் அந்தலூஸ் நாட்டு காஜியார் இப்னு முஆத் என்பதை 1967இல் நிறுவியவர் எகிப்தில் பிறந்த அப்துல் ஹமீத் ஸப்ரா. இப்னுல் ஹைதமின் ஒளியியலுக்கே தம் வாழ்நாளை ஈந்த அவ்வறிஞர், தாம் போற்றியவரிடமிருந்து ஒரு நூலைக் கழித்ததால் அவருடைய மதிப்பு குன்றிவிடவில்லை.

இது ஏட்டளவில் முடியும் வழக்கன்று. நோன்பாளி காத்திருக்கும் மஃரிப் நேரமே ஒளிவிலகலுக்கு உட்பட்டது. அடிவானத்தருகே காற்றுமண்டலம் கதிரவனின் ஒளியை ஏறத்தாழ 34 கலை வளைக்கிறது. கதிரவனின் முழு விட்டமோ ஏறத்தாழ 32 கலையே. ஆகவே அதன் கீழ் விளிம்பு அடிவானத்தைத் தொடுவதாக நாம் காணும் கணத்தில் கதிரவன் உண்மையில் கீழிறங்கிவிட்டது. நெல்லையில் இதனால் மறைவு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலாகத் தாமதமாகத் தெரிகிறது. கால அட்டவணை கணிப்போர் இதனைக் கணக்கிற் சேர்க்கின்றனர். அம்பாசமுத்திரம் பகுதியில் கதிரவன் பொதிகை மலைக்குப் பின் மறைவதைக் கண்டு நேரம் குறிக்க இயலாது. அங்குக் கணக்கே துணை. அடிவானத்து விண்மீன்கள் இவ்வாறே இடம் மாறித் தோன்றுவதை இப்னுல் ஹைதமும் ஆராய்ந்துள்ளார். இரண்டு நிமிடப் பிழையை நோன்பில் பொறுக்காத நாம், அறுநூறு ஆண்டுப் பிழையை வரலாற்றில் எங்ஙனம் பொறுப்பது?

தாலமியை ஐயுற்று ஒரு தனி நூலே இயற்றியவர் இப்னுல் ஹைதம். முன்னோர் கூற்றாயினும் சான்றின்றி ஏற்கலாகாது என்பது அவர் வகுத்த நெறி. அவர் பெயரால் எழுதுவோர் முதலில் கைக்கொள்ள வேண்டியது அந்நெறியையே. அரபு மூலங்களை வாசிக்கவல்ல ஆலிம்களும் இயற்பியல் கற்றோரும் மேலப்பாளையத்திலும் பாளையங்கோட்டையிலும் அருகருகே வாழ்கின்றனர். 1971இல் தொடங்கிய சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி போன்ற நிறுவனங்கள் இவ்விரு சாராரையும் ஒரே மேசையில் அமர்த்துமாயின், இப்னு ஸஹ்லின் வரைபடத்தைத் தமிழ் மாணவர் ஸ்நெலின் விதியோடு ஒருங்கே கற்கும் நாள் தொலைவில் இல்லை. அப்போது பாடநூலின் குறையும் தீரும். மேடையின் பிழையும் ஒழியும்.