பத்து விநாடிக் கடன்

'ஃபைனல் ஃபேன்டஸி 14' என்ற இணைய விளையாட்டில் டார்க் நைட் என்றொரு பாத்திரம் உண்டு. கறுப்புக் கவசம், ஆள் உயரத்துக்கு வாள். 2015இல் 'ஹெவன்ஸ்வர்ட்' தொகுப்போடு அவன் அறிமுகமானபோது 'லிவிங் டெட்' என்ற ஒரு திறனையும் கொடுத்தார்கள். அதன் விதி இது: பட்டனை அழுத்திய பத்து விநாடிக்குள் அவன் உயிர்ப்புள்ளி பூஜ்யத்தைத் தொட்டால் விழமாட்டான். நடைப்பிணமாக இன்னும் பத்து விநாடி நின்று சண்டை போடுவான். அதற்குள் அவனுடைய முழு உயிர்ப்புள்ளி அளவுக்குச் சிகிச்சை கிடைத்தால் பிழைப்பான். கிடைக்காவிட்டால் செத்தான், அவ்வளவுதான்.

தமிழில் வீடியோ கேம் பற்றி எழுதுகிறவர்கள் ஒன்று கதையைச் சொல்கிறார்கள், இல்லையென்றால் கிராஃபிக்ஸைப் புகழ்கிறார்கள். விதிகளை யாரும் வாசிப்பதில்லை. ஒரு விளையாட்டு நம்மைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறது என்பது வசனத்தைவிட விதியில்தான் தெரியும் என்பது என் கட்சி.

விளையாடாதவர்களுக்குச் சுருக்கமாக. நான்கு பேர் கொண்ட குழுவில் ஒருவர் டேங்க், ஒருவர் ஹீலர், மற்ற இருவர் அடிப்பவர்கள். டேங்க்கின் முதல் வேலை எதிரிகளின் கோபத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்திருப்பது. ஹீலர் அவனைச் சாகாமல் பார்த்துக்கொள்வார். இந்த ஏற்பாடு பழையது. 1999இல் வந்த 'எவர்குவெஸ்ட்'டில் 'கம்ப்ளீட் ஹீல்' என்ற மந்திரத்தைச் சொல்லி முடிக்கப் பத்து விநாடி ஆகும். அடிபட்ட பிறகு ஆரம்பித்தால் பிணத்துக்குத்தான் வைத்தியம். அதனால் பெரிய சண்டைகளில் ஹீலர்கள் வரிசை போட்டு, சில விநாடி இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகத் தொடங்குவார்கள். இன்னும் விழாத அடிக்கு மருந்து ஏற்கெனவே கிளம்பியிருக்கும். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'டில் குணப்படுத்துவதே எதிரிக்குக் கோபம் மூட்டும் காரியம்; அடிப்பதால் வரும் கோபத்தில் பாதி அளவு. டேங்க் முதல் அடி அடிக்கும்வரை ஹீலர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை நாகரிகம் என்கிறோம். அந்த நாகரிகத்தில் பாதி வெறும் கணக்குதான்.

2020 ஆகஸ்டில் ஃபைனல் ஃபேன்டஸியின் இலவசப் பதிப்பை 60ஆம் நிலைவரை நீட்டித்தார்கள். எனக்கு இறுதியாண்டு. வகுப்பெல்லாம் இணையத்தில். சுங்கைப் பட்டாணி வீட்டில், தம்பியோடு பகிர்ந்த அறையில், ராத்திரி பதினொன்றுக்கு மேல் ஒயிட் மேஜ் ஆனேன், அதாவது ஹீலர். நம் வட்டாரத்து ஆட்கள் கூடும் டான்பெரி சர்வர் அப்போது ஜப்பானிய டேட்டா சென்டரில் இருந்தது. முன்பின் தெரியாத நான்கு பேரை இயந்திரம் சேர்த்துவிடும். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் 'யோரோஷிகு ஒனெகாய்ஷிமாஸ்' என்று தட்டுவார்கள். முடிந்ததும் 'ஒட்ஸுகாரேசாமா தேஷிதா'. நடுவில் பேச்சே இருக்காது. அந்த மௌனம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. குறையும் அதிலேதான் இருந்தது.

ஒருநாள் டார்க் நைட் ஒருவர் வந்தார். பெரிய கூட்டத்தை ஒரே மூச்சில் இழுத்தார். அவர் உயிர்ப்புள்ளி சரசரவென இறங்கி 1இல் நின்றது. பெயருக்குப் பக்கத்தில் நான் பார்த்திராத ஒரு சின்னம், அதில் விநாடி குறைந்துகொண்டே வந்தது. சாகாவரம் வாங்கிவிட்டார், இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்து நான் 'ஹோலி' மந்திரத்தால் எதிரிகளை அடிக்க ஆரம்பித்தேன். ஒரே நொடியில் முழு உயிரையும் திருப்பித் தரும் 'பெனிடிக்‌ஷன்' என் கையில் தயாராக இருந்தது. சின்னம் மறைந்தது. அவர் விழுந்தார், பிறகு நாங்கள் மூவரும்.

'சுமிமாசென்' என்று தட்டினார் அவர். மன்னிப்பு கேட்டார், என்னிடம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி போய் முடித்தோம். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் சக ஆட்டக்காரர் ஒருவருக்குப் பாராட்டு ஒன்று கொடுக்கலாம். அன்று அதை அழகாக உடுத்தியிருந்த ஒரு அடிகாரருக்குக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அந்தத் திறனின் விளக்கத்தைப் படித்தபோதுதான் கொன்றது யார் என்று விளங்கியது.

டார்க் நைட்டுக்கென்று தனிக் கதையும் உண்டு, எழுதியவர் நட்சுகோ இஷிகாவா. இந்தத் தொடரிலேயே நல்ல எழுத்து அதுதான் என்பேன். ஃப்ரே என்ற ஆள் குருவாக வருகிறான். ஊருக்கெல்லாம் ஓடி ஓடி உதவுகிறாயே, உன்னை எவனாவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டானா என்று குடைந்துகொண்டே இருப்பான். உண்மையான ஃப்ரே எப்போதோ செத்துவிட்டான், பேசிக்கொண்டிருந்தது நாம் அமுக்கி வைத்திருந்த நம்முடைய குரல் என்பது 50ஆம் நிலையில் தெரியவரும். லிவிங் டெட் கிடைப்பதும் அதே 50ஆம் நிலையில். உன்னை யார் பார்க்கிறார்கள் என்று கதை கேட்கும் கேள்வியை விதி ஒவ்வொரு சண்டையிலும் நான்கு பேர் முன்னால் மறுபடி கேட்கிறது. பாலடினுக்கு 'ஹாலோட் கிரவுண்ட்' இருக்கிறது. பத்து விநாடிக்கு அடியே படாது, எவர் தயவும் வேண்டாம். டார்க் நைட் மட்டும் செத்து நின்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டும்.

2022 ஏப்ரலில் விதியை மாற்றினார்கள். நடைப்பிணமாக நிற்கும்போது அவன் போடும் ஒவ்வோர் அடியும் அவனுக்கே உயிரைத் திருப்பித் தருகிறது. முழு அளவு நிரம்ப வேண்டும் என்ற நிபந்தனை ஏட்டில் அப்படியே இருக்கிறது. பெரும்பாலும் தானே நிரப்பிக்கொள்கிறான்.

ஆட்டக்காரர்கள் பலருக்கு நிம்மதி. ஹீலர்களின் புலம்பலும் நியாயமானது: எவனோ பட்டனை அழுத்திவிட்டு என்னுடைய பத்து விநாடியைப் பிடுங்கிக்கொள்கிறான், அதை எனக்குச் சொல்வதுகூடக் கிடையாது. நான் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் சரியாக நடந்தால்தான் இயங்கும் ஒரு பாகத்தை எந்த இன்ஜினியரும் விட்டுவைக்க மாட்டான். மாற்றச் சொல்லி முதல் ஃபாரம் நானே போட்டிருப்பேன்.

ஆனாலும் வாசகனாக எனக்கு இது மோசமான திருத்தம். "ஃப்ரே நம்ம குரல்தானே, அப்போ தன்னைத் தானே காப்பாத்திக்கறதுதானே பொருத்தம்?" என்று நண்பர் ஒருவர் மாமாக் கடையில் மடக்கினார். நல்ல வாதம். தே தாரிக் ஆறும்வரை எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் அந்தக் கதையின் முடிவில் நாம் ஃப்ரேயோடு மோதி, அவனைத் தோற்கடித்துவிட்டு, மறுபடியும் ஊருக்குக் காவல் நிற்கத்தான் போகிறோம். மற்றவர்களை விட்டுவிடு என்று சொன்ன குரல் அங்கே தோற்கிறது. புதிய விதி அந்தக் குரலையே ஜெயிக்க வைத்துவிட்டது. அடித்துக்கொண்டே இரு, எல்லாம் ஆறிவிடும் என்கிற ஒற்றை வீரன் நூறு விளையாட்டில் இருக்கிறான். இன்னொருவனையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்கள்.

புதிய விதி 2020இலேயே இருந்திருந்தால் அந்த ஜப்பானியர் அன்று பிழைத்திருப்பார். நானும் அந்தச் சின்னம் என்னவென்று தேடிப் படித்திருக்க மாட்டேன்.

இப்போதும் ஹீலர்தான் நான். டார்க் நைட் குழுவுக்கு வந்தால் பெனிடிக்‌ஷனைச் செலவழிக்காமல் வைத்திருப்பேன். அவர் 1இல் நின்றதும் விரல் அந்தப் பட்டன் மேல் போகும். அழுத்துவதற்குள் பாதிக்கு மேல் ஏறியிருக்கும்.