போலி வண்டியும் மூவகை அளவையும்

மெய்ப்பொருளைப் போன்ற போலியொன்றைக் கண்டவிடத்து, அது மெய்யை எவ்வளவுக்கு ஒத்தது என வினவுதல் திறனாய்வாளன் முதற்கடன். ஓவியத்தையும் நாடகத்தையும் நோக்கி நெடுங்காலமாக நாம் எழுப்பிவந்த இவ்வினா, இன்று நம் மாணவர் கணினித்திரையில் ஓட்டும் மோட்டார் வண்டிகளை நோக்கியும் எழுப்பப்படவேண்டியதாயிற்று.

வண்டியோட்டும் அனுபவத்தைத் திரையிலே தரும் நிரல்களைச் சிமுலேற்றர் என்ப. 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஆர்ஃபக்ரர், 2014இல் இத்தாலியிலிருந்து வந்த அசெற்றோ கோர்சா முதலியன, பாவனையாளர் தாமே வண்டி சமைத்துச் சேர்ப்பதற்கு இடமளித்தன. 2017இல் தோன்றிய பஸ் சிமுலேற்றர் இந்தோனேசியா இவ்வாய்ப்பினைக் கைத்தொலைபேசிக்கும் கொண்டுவந்தது. தென்னிந்திய இளைஞரும் இலங்கை இளைஞரும் தத்தம் ஊர்த்தெருக்களில் ஓடும் பஸ் வண்டிகளை அதில் ஆக்கியுள்ளனர். நிறமும் எழுத்தும் கண்ணாடியில் தொங்கும் மாலையும் ஊதுகுழலின் ஓசையும் ஒன்றேனும் வழுவாது அமைந்த வண்டிகள் அவற்றுட் பல. அவ்வுழைப்பு பாராட்டுக்குரியதே. ஆயினும், "மெய்வண்டியைப் போலவே இருக்கிறது" என்பது ஒரு கூற்று. "மெய்வண்டியைப் போலவே ஓடுகிறது" என்பது பிறிதொரு கூற்று. முன்னதற்குரிய சான்றைக் காட்டிப் பின்னதை நிறுவ முயல்வதே இத்துறையில் மலிந்துள்ள குறை.

சைவசித்தாந்த நூலோர் ஒரு பொருளை அறிதற்குக் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளைக் கொண்டனர். இவ்வண்டிகளை மதிப்பிடுவோரும் அம்மூன்றனையும் கொள்வாராயின் பல மயக்கங்கள் தீரும்.

முதலாவது காட்சி. இருக்கையில் அமர்ந்து ஓட்டிப்பார்த்து, "நன்றாகப் படுகிறது", "சரியாகப் படவில்லை" என்று தீர்ப்புக் கூறுவோரே பெரும்பான்மையர். காட்சியை முற்றாகத் தள்ளுதல் இயலாது. ஆயினும் ஐயக்காட்சி, திரிபுக்காட்சி என்பனவும் உள எனப் பெரியோர் எச்சரித்துள்ளனர். வீட்டு நாற்காலி அசைவதில்லை. தடை போடும்போது உடலை முன்னே தள்ளும் விசையும், வளைவிலே பக்கவாட்டில் இழுக்கும் விசையும் ஆங்கு இல்லை. சிறிய திரையில் கதி உள்ளதினும் குறைந்ததாகத் தோன்றும். ஆதலின் மெய்வண்டியை நாள்தோறும் ஓட்டுபவரும் போலியின்முன் ஏமாறக்கூடும்.

திரிபுகளுள் மிகப் பரவியது யாதெனின், ஓட்டுதற்கு அரிதாயின் அது மெய்யானது என்னும் எண்ணமாம். வளைவுதோறும் சுழன்று வீழும் வண்டியை, "இதுவன்றோ உண்மை" என வியக்கின்றனர். பொறியியலாளர் தெருவண்டியைச் சாதாரண மனிதர் ஓட்டுதற்கென்றே ஆக்கினர் என்பதை மறந்துவிடுகின்றனர். பொய்க்கால் குதிரை துள்ளத் துள்ள அதன் உள்ளே நிற்பவனின் கால்வலியை அறிகிறோமேயன்றிக் குதிரையின் இயல்பை அறிகிறோமில்லை.

இரண்டாவது கருதல். இது கணிதத்தின் துணைகொண்டு உய்த்துணர்வது. நம் நாட்டு வீதிகளில் இன்றும் காணப்படும் மொறிஸ் மைனர் காரை ஒருவர் ஆக்குகிறார் எனக் கொள்வோம். 1956இல் வந்த 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடைய வண்டியின் வலு 37 குதிரைவலு, அஃதாவது 27.5 கிலோவாற்றை அடுத்தது. ஓட்டுநரோடு அதன் திணிவு ஏறக்குறைய 830 கிலோகிராம். மணிக்கு 96 கிலோமீற்றர் கதியில் அது கொள்ளும் இயக்கசக்தி 295 கிலோயூல் அளவினது. எஞ்சினின் முழுவலுவும் தொடக்கமுதல் ஒரு துளியும் வீணாகாது சில்லுக்களைச் சேரினும், அக்கதியை எய்த 11 செக்கன் வேண்டும். காற்றின் தடையும் கியர் மாற்றும் நேரமும் சேர, மெய்வண்டிக்கு அதனினும் இருமடங்குக்கு மேற்பட்ட நேரம் சென்றது. எனவே, 10 செக்கனில் அக்கதியை எய்தும் போலி மைனர் எவ்வளவு அழகியதாயினும் பொய்யே. இத்தீர்ப்பை வழங்க ஒருவர் அந்தக் காரில் ஏறியிருக்க வேண்டுவதில்லை. உயர்தர வகுப்புப் பௌதிகம் போதும்.

தடையும் அவ்வாறே. உலர்ந்த வீதியில் உராய்வுக் குணகம் 0.8 எனின், மணிக்கு 50 கிலோமீற்றர் கதியில் வரும் வண்டி நிற்பதற்கு ஏறக்குறைய 12 மீற்றர் வேண்டும். 6 மீற்றரில் நிற்குமாயின் குணகம் 1.6 ஆகிறது. ஒடுங்கிய பழைய ரயருக்கு அத்தகைய பிடிப்பு ஏது?

இங்கு நுண்ணியதொரு சூழ்ச்சியைக் கவனித்தல் வேண்டும். ஒரு பிழையை மற்றொரு பிழையால் மறைத்தல் எளிது. வண்டியின் திணிவை 240 கிலோகிராம் கூட்டிப் பிழையாக இட்ட ஒருவர், அது மெல்ல நகர்வதைக் கண்டு எஞ்சினுக்கு 48 குதிரைவலுவை வழங்கிவிடுகிறார். தொடக்க ஆர்முடுகல் இப்போது சரியாகிவிடும், ஓட்டிப்பார்ப்போர் மெச்சுவர். ஆனால் காற்றின் தடை திணிவை அறியாது. மிகையாகக் கொடுத்த வலு உச்சக் கதியை மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் வரை உயர்த்திக் குட்டை வெளிப்படுத்திவிடும். ஆகவே ஒரு சோதனையில் தேறியது கொண்டு ஒரு வண்டியை மெய்யெனல் ஆகாது. ஆர்முடுகல், உச்சக் கதி, தடைத்தூரம், வளைவிற் பிடிப்பு ஆகிய யாவற்றிலும், எண்களை இடையிடையே மாற்றாது, தேறிய வண்டியே மெய்யை நெருங்கியது. என் கருத்தில் இதுவே மதிப்பீட்டின் உயிர்நிலை.

மூன்றாவது உரை. உற்பத்தியாளரின் கைந்நூல், அக்காலச் சஞ்சிகைகளின் வீதிச்சோதனைக் குறிப்பு, வண்டியைப் பல்லாண்டு ஓட்டியோர் வாய்மொழி என்பன இதில் அடங்கும். மற்றெல்லாவற்றுக்கும் உரை கிடைப்பினும் ரயருக்குக் கிடைத்தல் அரிது. நெதர்லாந்தின் டெல்ஃவ்ற் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹான்ஸ் பசெய்க்காவும் அவருடன் உழைத்தோரும் 1980களில் வகுத்த சூத்திரம் ரயரின் விசையைக் கணித்தற்குப் பெயர்பெற்றது. ஆயின் அதிற் பெய்யவேண்டிய குணகங்களைச் சோதனைப் பொறியில் அளந்தே பெறல்வேண்டும். வீட்டிலிருந்து வண்டி செய்பவரிடம் அப்பொறி இல்லை. வேறொரு வண்டியின் எண்களை எடுத்து ஒட்டுகிறார். அது குற்றமன்று. ஒட்டியதை அளந்தது போற் காட்டுதலே குற்றம். உரை அளவையாவது, உரைப்பவர் ஆப்தராயின் மாத்திரமே. இத்துறையில் ஆப்தர் யாவர்? தாம் அளந்தது இது, ஊகித்தது இது எனப் பிரித்துச் சொல்பவரே.

களத்தின் குறையை ஆக்கியோன் தலையில் ஏற்றுதலும் நீதியன்று. கைத்தொலைபேசி நிரல் பெருங்கணினி நிரலளவு நுட்பமாகக் கணிக்காது. அதன் எல்லைக்குள் அவர் என் செய்தார் என்பதே வினா.

"விளையாட்டுக்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு?" எனச் சிலர் கேட்பர். திரையிலே 6 மீற்றரில் நிற்கப் பழகிய இளைஞன், உரிமம் பெற்று, வெள்ளவத்தையிற் காலி வீதியிலோ கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தெருக்களிலோ மெய்வண்டியோடு இறங்குகிறான். அங்கு அவன் கண் கணிக்கும் தூரம் எதுவாயிருக்கும்? நின்றுசெல்லும் பயணிகள் அறுபதின்மரை ஏற்றிய பஸ் வண்டி 3,600 கிலோகிராம் அளவு கூடுதலாகச் சுமக்கிறது. அது தாமதித்தே நகரும், வளைவில் மிகுதியாகச் சாயும். வெற்று வண்டியும் நிறைவண்டியும் ஒன்றுபோல் ஓடும் போலியிற் பழகியவன் இதனை எங்ஙனம் அறிவான்? மற்றொரு தீங்கும் உண்டு. மாதக்கணக்கில் எண்களைத் தேடி அடக்கமாக ஒரு வண்டியை ஆக்கியவன், "சரியாகப் படவில்லை" என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கப்படுகிறான். பளபளப்பை மட்டும் ஆக்கியவன் புகழப்படுகிறான்.

இதற்குப் பரிகாரம் எளிது. வண்டி ஆக்கும் நம் மாணவர் ஒவ்வொருவரும் அதனோடு ஒற்றைத் தாளொன்றை இணைப்பாராக. அதில் மூன்று நிரல்கள் அமைக: தாம் அளந்தவை, நூல்களிற் கண்டவை, ஊகித்தவை. மூன்றாம் நிரல் நீண்டிருப்பதற்கு யாரும் நாணவேண்டியதில்லை. மதிப்பிடுவோர் அத்தாளை வாசித்த பின்னரே ஓட்டுவளையத்தைத் தொடுவாராக.