தோன்றா எழுவாய்: ஒரு பல்பின் நிறுவல் பிரதியை முன்வைத்து

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி அம்மா சுவிட்சைத் தேடி எழுந்து நடந்து, நிலைப்படிப் பக்கம் இடறி விழுந்தாள். எலும்பு முறியவில்லை. முழங்காலில் அடி. கட்டிலுக்கும் சுவிட்ச் போர்டுக்கும் இடையே எட்டடி இருக்கும். அந்த எட்டடியை ஒழித்துவிடலாம் என்றுதான் கைபேசியால் ஏற்றி அணைக்கிற வைஃபை பல்பு ஒன்றை வாங்கினேன். ஹோல்டரில் மாட்ட அரை நிமிஷம் ஆயிற்று. மாட்டியவுடன் அது சிமிட்டத் தொடங்கியது. சிமிட்டலை நிறுத்தி அதை ஒரு விளக்காக்க இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் படிக்க நேர்ந்த பிரதியைப் பற்றியே இக்குறிப்புகள். பல்பைப் பற்றி எழுதுவதெல்லாம் விமர்சனமா என்று கேட்கப்போகிற நண்பர்களுக்கு: சட்டமும் விளம்பரமும் ரேஷன் கார்டும் பிரதிகள்தான் என்று எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சொன்னதைச் செய்து பார்ப்பதில் தப்பொன்றும் இல்லை.

பெட்டிக்குள் தீப்பெட்டி அகலத்தில் ஒரு காகிதம். அதில் ஒரு படம், ஒரு கட்டக் குறியீடு, கண்ணுக்குத் தெரியாத அளவில் ஆறேழு மொழிகளில் எச்சரிக்கை. தமிழ் இல்லை. பல்பை எப்படி எரியவைப்பது என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. காகிதம் தன்னை வாசிக்க விடாமல், உன் கைபேசியில் இருக்கிறது பிரதி, அங்கே போ என்று கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. கைபேசி இல்லாதவர் இந்தப் பிரதியின் வாசகரே அல்லர். வாசகரைத் தேர்ந்தெடுப்பது முதல் பக்கத்துக்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

செயலியை இறக்கினேன். எந்த நாடு என்று கேட்டது. மின்னஞ்சல் கேட்டது. அதற்கு வந்த ஆறு இலக்கத்தைத் திருப்பிக் கேட்டது. பிறகு ஒப்பந்தம். ஒப்பந்தத்தை நான் படிக்கவில்லை, யாரும் படிப்பதில்லை. ஆனால் படிக்கவில்லை என்பதல்ல இங்கே விஷயம். காசு கொடுத்து, ரசீது வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, ஹோல்டரில் மாட்டிய பிறகு வருகிறது இந்த ஒப்பந்தம். மறுத்தால் கையில் இருப்பது சிமிட்டுகிற கண்ணாடிக் குடுவை. இதற்குப் பெயர் 'நான் சம்மதிக்கிறேன்.' தாலி கட்டியாயிற்று, இனி பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்டால் எப்படி?

அடுத்தது இருப்பிட அனுமதி. ஒரு பல்புக்கு நான் எங்கே இருக்கிறேன் என்பது எதற்கு? நானும் முதலில் இதை வெறும் உளவு வேலை என்றுதான் நினைத்தேன். அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது என்று பிறகு தெரிந்தது. சுற்றிலும் எந்தெந்த வைஃபைப் பெயர்கள் தெரிகின்றன என்ற பட்டியலை வைத்தே ஒருவர் எந்தத் தெருவில் நிற்கிறார் என்று கணித்துவிடலாம். அதனால்தான் 2015இல் வந்த ஆண்ட்ராய்ட் 6, அந்தப் பட்டியலைப் பார்க்கவே இருப்பிட அனுமதி வேண்டும் என்று விதித்தது. பயனரைக் காப்பாற்ற வந்த விதி. ஆனால் நடந்தது என்ன? பல்பைத் தேடுவதற்கும் ஆளைத் தேடுவதற்கும் ஒரே கதவு என்றாகிவிட்டது. பல்பு வேண்டுமானால் கதவைத் திற. 2021இல் ஆண்ட்ராய்ட் 12 புளூடூத் தேடலுக்கு மட்டும் தனி அனுமதி வைத்தது. நான் வாங்கிய பல்பின் செயலி அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. பழைய கதவையே தட்டியது. திறந்துவிட்டேன்.

பிறகு தொடங்கியது நிஜமான கூத்து. இந்தப் பல்புகளுக்குள் இருக்கிற மலிவான வைஃபை சில்லுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் கேட்கும். வீட்டில் புதிதாக மாட்டிய ரவுட்டரோ 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் ஒளித்து வைத்திருக்கிறது. கைபேசி தன் சௌகரியத்துக்கு 5இல் போய் உட்கார்ந்துகொள்கிறது. செயலி குழம்புகிறது. சரி, இன்னொரு வழி. பல்பே சின்னதாக ஒரு வைஃபையை உண்டாக்கும், கைபேசி வீட்டு வைஃபையை விட்டுவிட்டுப் பல்பின் வைஃபைக்குப் போய், வீட்டின் கடவுச்சொல்லைப் பல்பின் காதில் ஓத வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் பல்பின் வைஃபையில் இணையம் கிடையாதல்லவா? அதைக் கண்டுபிடித்த கைபேசி, எனக்கு நல்லது செய்வதாக எண்ணி, சொல்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது. ஓதுகிற காது போய்விட்டது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும் என்ற சூட்சுமத்தைத் தெருமுனைக் கைபேசிக் கடைப் பையன்தான் சொன்னான். பிரதியில் அது இல்லை.

பிரதியில் இருந்தது வேறு. நாலு முறை தோற்றேன், நாலு முறையும் ஒரே பக்கம் வந்தது. தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு முதலில் கண்ணில் பட்டது வினைகள். சாதனத்தைச் சேர்க்க முடியவில்லை. யாரால் முடியவில்லை? எழுவாய் கிடையாது. அதற்குக் கீழே வருகிற வாக்கியங்களில் எல்லாம் ஏவல் வினை. கடவுச்சொல்லைச் சரிபார். ரவுட்டரைச் சரிபார். கைபேசியைப் பல்பின் பக்கத்தில் வை. ஏவலுக்கு எழுவாய் முன்னிலை, தோன்றா எழுவாய், அது நான்தான். ஆக, தோல்விக்கு எழுவாயே இல்லை, திருத்தத்துக்கு மட்டும் நான் எழுவாய். அந்தப் பக்கம் பட்டியலிட்ட காரணங்கள் அத்தனையும் என் வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே இருந்தன. எங்கள் பக்கம் கோளாறு இருக்கலாம் என்று ஒரு வரி இல்லை. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதை. பள்ளிக்கூடம், காவல் நிலையம், ஆஸ்பத்திரி என்று அதிகார நிறுவனங்களின் மொழியை வாசித்துப் பழகியவர்களுக்கு இந்த இலக்கணம் புதிதல்ல. புதிது என்னவென்றால், இது படுக்கையறைக்குள், என் காசில், என் கையாலேயே நிறுவப்படுகிறது என்பதுதான்.

டெலூஸ் 1990இல் கட்டுப்பாட்டுச் சமூகங்கள் பற்றி எழுதிய சின்னக் கட்டுரையில் கத்தாரியின் கற்பனை ஒன்றைச் சொல்கிறார். ஒரு நகரத்தில் ஒவ்வொருவரும் தன் மின் அட்டையைக் காட்டி வீட்டை விட்டு, தெருவை விட்டு வெளியேறுகிறார்கள். அட்டை தடுப்பைத் திறக்கும். ஆனால் ஏதோ ஒரு நாளில், ஏதோ சில மணி நேரத்துக்கு, அதே அட்டை மறுக்கப்படலாம். முக்கியமானது தடுப்பு அல்ல, ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார்கள் என்று கணக்கு வைத்திருக்கிற கணினிதான் என்பது அவர் கட்சி. தொண்ணூறுகளில் நாம் ஃபூக்கோவின் சிறைச்சாலையைப் பேசிய அளவுக்கு இந்த அட்டையைப் பேசவில்லை. எனக்கு அது தெருவுக்கு வருமென்று தோன்றியதே தவிர, கட்டிலுக்குப் பக்கத்தில் வருமென்று தோன்றவில்லை.

ஒரு வழியாகப் பல்பு சேர்ந்தது. 'என் வீடு' என்று ஒரு பக்கம் திறந்தது. அதில் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர். வீடு அம்மா பெயரில் இருக்கிறது, பட்டா, வரி ரசீது எல்லாம் அவள் பெயர்தான். செயலிக்கு அது தெரியாது. முதலில் கணக்குத் திறந்தவன் உரிமையாளன். மற்றவர்களை அவன் உறுப்பினராக அழைக்கலாம், எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம். அம்மாவை அழைத்தேன். அழைப்பை ஏற்க அவளுக்குத் தனிக் கணக்கு வேண்டும், அதற்கு மின்னஞ்சல் வேண்டும். அவளிடம் இருப்பது பட்டன் ஃபோன். கடைசியில் என் பழைய ஸ்மார்ட்ஃபோனில் என் கணக்கையே திறந்து தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். அதாவது, தன் சொந்த வீட்டில் விளக்கேற்ற அம்மா மகன் வேஷம் கட்ட வேண்டும்.

இதை என் வீட்டுத் தமாஷாக மட்டும் பார்க்க வேண்டாம். 2018இல் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. வீட்டை விட்டுப் போன கணவன்மார்கள், காதலர்கள் தொலைவிலிருந்தே விளக்கை அணைத்தும் வெப்பத்தை ஏற்றியும் பூட்டின் எண்களை மாற்றியும் பெண்களை வதைத்ததைப் பற்றி. கணக்கு யார் கையில் என்பதுதான் அங்கும் கேள்வி. கருவியை நிறுவியவன் ஆண், அதனடியில் வாழ்ந்தவள் பெண். உரிமையாளர், உறுப்பினர் என்ற இரண்டு சொற்களுக்குள் குடும்பம் என்கிற அதிகார அமைப்பு அப்படியே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை வடிவமைத்தவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

அம்மாவின் விரல் திரையில் பதியவில்லை. ஐம்பது வருஷம் பாத்திரம் தேய்த்து, சாம்பலும் சோப்பும் தின்ற விரல் நுனி. ரேஷன் கடை மிஷினில் விழாத அதே விரல். நாலைந்து முறை தேய்த்துவிட்டு, “இது என்னைய மனுஷியாவே எடுத்துக்க மாட்டேங்குதுப்பா” என்றாள். அப்படியும் ஒரு வாரம் ஓட்டினாள். ஓட்டினாள் என்பதைவிட, பழக்கத்தில் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து அணைத்து அதைச் செயலிழக்க வைத்தாள் என்று சொல்லலாம். வேலை முடிஞ்சா அணை என்பது அவள் தலைமுறையின் மின்சார அறம். பல்புக்கோ சுவிட்ச் எப்போதும் போட்டபடி இருக்க வேண்டும். அணைந்திருக்கும்போதும் அது யாருடைய கட்டளைக்கோ விழித்திருக்கிறது. “அணைக்காதம்மா” என்று நான் கத்துவதும், “எரியாத லைட்டுக்கு எதுக்குடா கரண்டு” என்று அவள் கேட்பதும். அவள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பிறகு அந்த ராத்திரி. மழை. மின்சாரம் போய்ப் போய் வந்தது. நம்மூரில் அது முழுதாகப் போவதற்கு முன்னால் நாலைந்து தடவை திக்கும், எல்லோருக்கும் தெரியும். இந்தப் பல்பில் அழிக்கும் பொத்தான் கிடையாது. அதனால் செய்தவர்கள் மின்சாரத்தையே ஒரு மொழியாக்கி வைத்திருக்கிறார்கள். அடுத்தடுத்து சில தடவை அணைத்து ஏற்றினால், எல்லாவற்றையும் மற என்று அர்த்தம். மின்சாரம் திக்காத ஊர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட இலக்கணம். மழையின் திக்கலைப் பல்பு கட்டளையாக வாசித்தது. வைஃபையை மறந்தது, கடவுச்சொல்லை மறந்தது, உரிமையாளனையும் மறந்தது. இரண்டு மணிக்கு மின்சாரம் வந்ததும் சிமிட்டத் தொடங்கியது. நான் போய்ப் பார்த்தபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்து, இருந்து இருந்து மறைகிற தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பேய் புடிச்சாப்ல இருக்கு, புடுங்கிப் போட்ரு” என்றாள்.

மின்சாரமே சரியாக வராத ஊரில், கூலி கிடைக்காத நாட்டில், இது நடுத்தர வர்க்கப் புலம்பல் இல்லையா என்று தோழர்கள் கேட்கலாம். புலம்பல்தான். ஆனால் அதே இலக்கணம் வேறு இடங்களில் எதை எழுதியது என்று பாருங்கள். நூறு நாள் வேலையில் தினம் இரண்டு முறை படம் எடுத்துக் கைபேசிச் செயலியில் ஏற்றினால்தான் வருகை என்று 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கினார்கள். சிக்னல் இல்லை, படம் ஏறவில்லை என்றால், வெட்டிய மண் வெட்டிய மண்ணே இல்லை. அந்த பிப்ரவரியில் டெல்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் உட்கார்ந்தபோது அவர்கள் எதிர்த்தவற்றில் இதுவும் ஒன்று. சாதனம் கிடைக்கவில்லை, வருகை பதியவில்லை. இரண்டு வாக்கியத்திலும் எழுவாய் தலைமறைவு. எனக்கு ஒரு பல்பு போயிற்று, அவர்களுக்கு ஒரு நாள் கூலி.

தொழில்நுட்பம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்பதையும் நான் ஏற்கவில்லை. ஆறடி தள்ளியிருக்கிற பல்புக்கு என் கட்டளை எங்கோ இருக்கிற ஒரு சர்வருக்குப் போய்த் திரும்பி வர வேண்டுமென்பது இயற்பியல் அல்ல, வியாபாரம். அதே மாதிரிச் சில்லுகளில் நிறுவனத்தின் மென்பொருளை நீக்கிவிட்டு, வெளியே யாரிடமும் பேசாமல் வீட்டுக்குள்ளேயே இயங்க வைக்க டாஸ்மோட்டா என்று ஒன்றை நெதர்லாந்தின் தியோ அரெண்ட்ஸ் எழுதி இலவசமாக விட்டிருக்கிறார். முடியும். ஆனால் அதற்கு என்னைவிட நாலு மடங்கு தெரிந்த ஆள் வேண்டும். தெரியாதவர்கள் நிறுவனத்தின் தயவில். 2014இல் நெஸ்ட் வாங்கிய ரிவால்வ் என்கிற 300 டாலர் வீட்டுக் கருவியை 2016 மே 15 அன்று சர்வரோடு சேர்த்து அணைத்தார்கள். பழுதாகவில்லை, அணைக்கப்பட்டது. இன்ஸ்டியான் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பே இல்லாமல் இருண்டது. வாடிக்கையாளர்களில் சிலரே சேர்ந்து அதை விலைக்கு வாங்கி, சந்தா வைத்து, மறுபடி எரியவிட்டார்கள். வாங்கியதையே இன்னொரு தடவை வாங்கினால்தான் தனது என்று ஆயிற்று.

மறுநாள் எலக்ட்ரீசியன் வந்தார். எங்கள் வீட்டுக்கு வயரிங் செய்தவர், எந்தச் சுவருக்குள் எந்த வயர் போகிறது என்று தட்டிப் பார்த்துச் சொல்வார். பல்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல நமக்கு வேலை இல்ல சார். ஃபோன் தெரிஞ்ச பசங்களத்தான் கூப்பிடணும்” என்றார். பிறகு அரை மணி நேரத்தில் கட்டில் தலைமாட்டுக்கு வயர் இழுத்து ஒரு தொங்கு சுவிட்ச் போட்டுக் கொடுத்தார். வயர், சுவிட்ச், கூலி எல்லாம் சேர்த்து 350 ரூபாய். அம்மா இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனாள்.

பல்பு மேஜை இழுப்பறையில் இருக்கிறது. கணக்கை நீக்கும் பக்கத்தை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. செயலியைத் திறந்தால் 'என் வீடு' அப்படியேதான் இருக்கிறது. சாதனம் 1, இணைப்பில் இல்லை. உரிமையாளர் நான். உறுப்பினர் என்பதற்கு எதிரே அம்மாவின் பெயர், பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி: அழைப்பு இன்னும் ஏற்கப்படவில்லை.