இளமைக் காதற் படங்களிற் பெயரும் ஊரும்

அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. தலைவன் எவனுமாகலாம், தலைவி எவளுமாகலாம். காதலை மக்கட்கெல்லாம் பொதுவாக்கிய இந்நெறியின் பெருமையைப் பலரும் எடுத்துரைப்பர். ஆயின், அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்திய விதியும் அதே நூலில் உண்டு. பெயரில்லாத் தலைவன் எல்லோருக்கும் உரியவன் அல்லன் என்பது இதனாற் பெறப்படும்.

திரைப்படத்துக்கோ பெயரின்றி இயலாது. பெயரிட்டவுடன் சமயம் தெரியும். வீட்டைக் காட்டியவுடன் குலமும் செல்வநிலையும் தெரியும். எனவே பள்ளி, கல்லூரிப் பருவத்துக் காதலைக் கூறும் படங்களை மதிப்பிடுவோர், காதலர் சேர்ந்தனரா பிரிந்தனரா என்பதோடு அமையாது, யாருடைய வாழ்வு அகத்தே வைக்கப்பட்டது, யாருடைய வீடு வெறுந் தடையாக நின்றது எனவும் வினவுதல் வேண்டும்.

பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) அந்தண இளைஞனையும் கிறித்தவப் பெண்ணையும் கடலோரச் சிற்றூரில் இணைக்கின்றது. முடிவில் அவன் பூணூலையும் அவள் சிலுவையையும் களைந்து செல்கின்றனர். துணிவுமிக்க முடிவே. எனினும், சமயம் இங்கே கழற்றி எறியத்தக்க அணியாகச் சுருங்கிவிட்டது. அவளுக்குச் சங்கீதம் கற்பித்த அவன் தாயின் இல்லம் கனிவோடு காட்டப்படுகின்றது; அவளுடைய இல்லத்திலோ தமையனின் சினமே மேலோங்கி நிற்கின்றது.

பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ (2004) மதுரையில் இருசக்கர வண்டி பழுதுபார்க்கும் இளைஞனைத் தலைவனாக்கியது. புறத்தே நின்ற வினைவலன் அகத்துள் வந்தான். ஆயின், பள்ளி மாணவியான தலைவியின் சுற்றத்தார் அவனை அடித்துச் சிதைத்தபின், அவன் மனம் பேதலித்துத் தெருவில் அலைகின்றான். அந்நிலையிற் பேசுவோரும் இரங்குவோரும் பிறரே. கொடுமையை மறைக்காத இப்படம், கொடுமைக்கு ஆளானவனுக்குச் சொல் அளிக்கவில்லை.

அச்சொல்லை அளித்தது மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018). இதன் தலைவன் திருநெல்வேலிச் சட்டக் கல்லூரிக்குக் கற்க வந்தவன். காதலிக்க வந்தவன் அல்லன். ஆங்கிலம் விளங்காது தவிக்கும் அவனுக்குத் துணைநிற்கும் மாணவியின் அன்பே அவனுக்குத் துன்பமாகின்றது. பெண்வேடமிட்டு ஆடும் கூத்தனாகிய அவன் தந்தை வெறும் அடையாளமன்று. நாணமும் அச்சமும் பாசமும் உடைய மனிதர். இறுதியில் அவன் பெண்ணின் தந்தையொடு நேர்நின்று பேசுகின்றான். காதலர் சேர்ந்ததாக அப்படம் கூறவில்லை. இருவர்க்கும் வைத்த இரு தேநீர்க் குவளைகளோடு முடிகின்றது. சமநிலை எய்தாதவிடத்துக் காதல் நிறைவுறாது என்பதை இதனினும் தெளிவாக உரைத்தல் அரிது.

காதல் யாவர்க்கும் பொதுவன்றோ, குலமும் சமயமும் ஆராய்வது எதற்கு எனச் சிலர் வினவுவர். உணர்ச்சி பொதுவே, அதற்குக் கொடுக்கும் விலை பொதுவன்று. அவ்விலையை மறைக்கும் படம் பொதுமை பேசுவதாகத் தோன்றினும், வலியார் பக்கமே சாயும்.

ஈழத்தைப் பொறுத்தவரை, சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜா ‘பொன்மணி’ (1977) வாயிலாக யாழ்ப்பாணத்துச் சாதிக் கட்டுப்பாட்டையும் சீதனச் சுமையையும் தமிழிற் காட்டினார். கீழ்க்கரையின் வாழ்வுக்கோ அத்தகைய கவனம் அரிதாகவே வாய்த்தது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களின் நிலை இன்னும் அரிது. மணிரத்னத்தின் ‘பம்பாய்’ (1995) தமிழ்நாட்டுச் சிற்றூரில் தொடங்கினும், முஸ்லிம் பெண்ணின் பிறந்தகம் பெரும்பாலும் தடையாகவே நிற்க, கதை பெருநகர்க்குச் சென்றுவிடுகின்றது.

திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியை எண்ணுக. 2021 நவம்பர் 23ஆம் நாள், பாலவேலை நிறைவுறாத காலத்தில், அங்கே களப்பைக் கடந்த படகுப்பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் உயிரிழந்தனர். கல்விக்காக நீரைக் கடப்பதே இளமையாக அமைந்த ஊர் அது. அவ்வூர்ப் பெண்ணொருத்தியின் படிப்பும் ஆசையும், வாப்பாவின் உழைப்பும், உம்மாவின் கவலையும் திரையில் அவர்தம் பேச்சிலேயே ஒலிக்குமாயின், நெய்தற்றிணைக்குப் புதியதோர் உரை கிடைக்கும். பெயரில்லாத் தலைவியைப் பாடிய மொழிக்கு, பெயருள்ள அப்பெண்ணைக் காணும் கடமை எஞ்சியுள்ளது.